பழைய ஜீப்பின் மேல் ஏன் இத்தனை பற்று?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வாகனங்களைக் கழிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். புகை, எரிபொருள் செலவு, பயணிகளின் பாதுகாப்பு ஆகியவை பற்றி அதில் சொல்லப்பட்டிருப்பவற்றில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால், பழைய ஜீப்பு, ஜிப்ஸி போன்ற வண்டிகளை விடாமல் வைத்திருப்பவர்களைப் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும், அவர்கள் பழம்பெருமையை விட மனமில்லாதவர்கள் என்ற பொருளில் ஒரே வரி எழுதிவிட்டுக் கட்டுரை அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. வடசென்னை ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், மஹிந்திராவின் எம்.எம்.540 ஜீப்பு ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்து ஓட்டிவருபவன் என்ற முறையிலும், அந்த ஒரு வரிக்குச் சற்று விரிவாகப் பதில் எழுத விரும்புகிறேன்.

பழைய நினைவுதான் காரணம் என்றால், அது எல்லாப் பழைய வண்டிகளுக்கும் பொருந்தியிருக்க வேண்டும். நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு வந்து நின்றவை அம்பாசிடர் காரும் பத்மினி காரும்தான். ஜீப்பு நம்மில் பெரும்பாலோர் வீட்டு வாசலுக்கு வந்ததே இல்லை. அப்படியே வந்திருந்தாலும், ஜப்திக்கோ விசாரணைக்கோதான் வந்திருக்கும். தாசில்தார், வனத்துறை, மின்வாரியம், காவல்துறை, தேர்தல் வந்தால் திறந்த ஜீப்பில் நின்றபடி வாக்குச் சேகரிக்கும் வேட்பாளர் என்று, அதிகாரத்தின் வாகனமாகவே அதைப் பார்த்து வளர்ந்தோம். கம்பம், போடி பக்கத்தில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை மலைக்கு ஏற்றிச் செல்லும் ஜீப்புகளையும் அவற்றைப் போன்ற சிலவற்றையும் விட்டுவிட்டால், சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையோடு அது ஒட்டியிருந்த இடங்கள் குறைவு. அப்படிப்பட்ட வண்டியை, 2000-க்குப் பிறகு பிறந்த இளைஞர்கள்கூட அரசு ஏலங்களிலும் வெளியூர்ப் பட்டறைகளிலும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள் என்றால், அவர்களிடம் இல்லவே இல்லாத ஒரு நினைவை அதற்குக் காரணமாகக் காட்டுவது சரியாகாது. வண்டியின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது என்பது என் கருத்து. உரிமையாளர் தானே திறந்து, பார்த்து, புரிந்துகொண்டு, சரிசெய்யக்கூடியபடி அது செய்யப்பட்டிருக்கிறது. அப்படிப் புரிந்துகொள்வதற்கு அவர் போட்ட உழைப்புதான் நாளடைவில் பற்றாக மாறுகிறது.

இந்த அமைப்பு தற்செயலாக வந்ததன்று. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரங்களும் இயங்கக்கூடிய இலகுவான வண்டி ஒன்றைக் கேட்டபோது, மாதிரி வண்டியைச் செய்து ஒப்படைக்க 49 நாட்களே கெடு விதித்தது. பான்டம் என்ற சிறிய நிறுவனம் அந்தக் கெடுவுக்குள் செய்து கொடுத்த வண்டியை அடியொற்றித்தான், வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. பணிமனைக்கு இழுத்துப் போக வழியில்லாத இடத்தில், கைவசமுள்ள ஸ்பேனர்களை வைத்துச் சிப்பாய்களே பழுதுபார்க்க வேண்டும், உடைந்துபோன வண்டியின் உறுப்பைக் கழற்றி ஓடுகிற வண்டியில் அப்படியே மாட்ட வேண்டும் என்ற தேவைகளே அதன் ஒவ்வோர் உறுப்பின் வடிவையும் தீர்மானித்தன. 1945-இல் தொடங்கப்பட்ட மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளின் பாகங்களை இந்தியாவில் ஒன்றுசேர்த்து விற்க ஆரம்பித்து, பின்னர் உரிமம் பெற்றுத் தானே தயாரித்தது. 1980-களின் நடுவில் அதே வம்சத்தில் வந்த எம்.எம்.540-இல், பிரான்ஸின் பெஜோ நிறுவன வடிவமைப்பிலான 2,112 சி.சி. டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. 1985 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிப்ஸியின் கதையும் ஏறக்குறைய இதுவே. சுசூகியின் ஜிம்னி வம்சத்தைச் சேர்ந்த அந்த வண்டி, தொடக்கத்தில் 970 சி.சி. எஞ்சினோடும், 1996 முதல் 1,298 சி.சி. எஞ்சினோடும், 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனை நிறுத்தப்படும் வரை நான்கு சக்கரங்களுக்கும் ஸ்பிரிங் பட்டைகளோடுதான் வெளிவந்தது. ராணுவம் அதை இத்தனை காலம் கைவிடாததற்கு, எடை குறைவு என்பதோடு, எந்த முகாமிலும் பழுதுபார்க்கலாம் என்பதும் ஒரு காரணம்.

நான் சொல்வதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். டீசல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டால், டேங்கில் டீசலை ஊற்றியதுமே ஓடிவிடாது; குழாய்களில் காற்று புகுந்திருக்கும். பானெட்டைத் திறந்து, டீசல் ஃபில்டரின் தலையிலுள்ள சிறிய திருகை ஸ்பேனரால் இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, பிரைமர் பம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வெறும் காற்று சீறும். பிறகு நுரைத்த டீசல் குமிழ்விட்டுக்கொண்டு வரும். குமிழ்கள் நின்று, தெளிந்த டீசல் ஒரே சீராக வழியத் தொடங்கும்போது, பம்பை அழுத்தியபடியே திருகை இறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் கிளம்பவில்லை என்றால், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் டீசல் பீச்சியடிக்கிறதா என்று பார்த்து இறுக்குவார். பட்டறைக்காரர்கள் இதை ‘ஏர் எடுப்பது’ என்பார்கள். படிப்பறிவே இல்லாத ஒருவர்கூட ஒரு முறை பார்த்துவிட்டால் செய்துவிடக்கூடிய வேலை இது. ஆனால் இதைத் தன் கையால் ஒரு முறை செய்து வண்டியைக் கிளப்பியவருக்கு, எரிபொருள் டேங்கிலிருந்து எஞ்சினுக்கு எந்த வழியாக எந்த அழுத்தத்தில் போகிறது என்பது மனத்தில் பதிந்துவிடுகிறது. அடுத்த முறை வண்டி இழுவை குறைந்து தடுமாறும்போது அவர் யாரிடமும் கேட்காமல் ஃபில்டரைத்தான் முதலில் பார்ப்பார்.

இப்படித்தான் இந்த வண்டியின் மற்ற பாகங்களும். கியர் லீவரின் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரைத் தள்ளினால் முன் ஆக்சிலுக்கும் இழுவை போகிறது என்பதையும், காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு வளைத்தால் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருப்பதால் வண்டி இறுகிக்கொண்டு திமிறுகிறது என்பதையும் ஓட்டுபவர் தன் உடம்பாலேயே உணர்கிறார். ஸ்டியரிங் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கிடுகிடுவென்று ஆடினால், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங் தேய்ந்திருக்கிறது, ஷிம் என்ற மெல்லிய தகடுகளின் அளவைச் சரிசெய்து இறுக்க வேண்டும் என்பதும், பள்ளத்தில் இறங்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் ஸ்பிரிங் பட்டையை வண்டியோடு இணைக்கும் ஷாக்கிள் புஷ் போய்விட்டது என்பதும், வேகம் எடுக்கும்போது அடியில் ‘கிண் கிண்’ என்றால் இழுவையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டின் ஜாயிண்ட் கிராஸில் கிரீஸ் இல்லை என்பதும் சில ஆண்டுகளில் காதுக்குப் பழகிவிடுகின்றன. புதிய வண்டி இந்தச் சத்தங்களை எல்லாம் உள்ளே வராமல் தடுத்துவிடுகிறது. பழுது என்றால் முன்பலகையில் ஒரு விளக்கு எரியும், அது என்ன பழுது என்பதைச் சேவை மையத்திலுள்ள கருவிதான் சொல்ல வேண்டும். புதிய வண்டியை நான் குறை சொல்லவில்லை. சொந்தக்காரருக்குத் தெரிந்துகொள்ள எதையும் மிச்சம் வைக்காத ஒரு பொருளின் மேல், அவர் நன்றியோடு இருக்கலாமே தவிர, பற்றோடு இருப்பதற்கு அது இடம் தருவதில்லை என்றுதான் சொல்கிறேன்.

வடசென்னையில் இந்தப் பற்றுக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் 1950-களில் புல்லட் தயாரிக்கத் தொடங்கிய என்ஃபீல்டு, அதே ஊரில் 1946-இல் பலூன் செய்யும் சிறிய கொட்டகையாக ஆரம்பித்து டயர் தயாரிப்புக்கு வளர்ந்த எம்.ஆர்.எஃப்., பெரம்பூரின் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் பணிமனைகளும் என்று, இரும்போடும் எண்ணெயோடும் ரப்பரோடும் பழகிய கைகள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பகுதி இது. ஆலைகளில் தொழில் கற்றவர்களும் அவர்களிடம் கற்றவர்களும் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் சந்துகளில் லேத் பட்டறை, வெல்டிங் கடை, ஸ்பிரிங் பட்டைக் கடை, டிங்கரிங் ஷெட் என்று வைத்திருக்கிறார்கள். கடையில் கிடைக்காத ஓர் உறுப்பைக் கேட்டுப் போனால், ‘ஸ்பேர் வராதுண்ணே, சாம்பிள் குடுங்க, அதே மாதிரி போட்டுத் தரேன்’ என்று சொல்லும் மனிதர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

ஷாக்கிள் புஷ் ஒன்றை அப்படிப் போடச் சொல்லி நின்றிருக்கிறேன். தேய்ந்து முட்டை வடிவாகிவிட்ட பழைய புஷ்ஷை லேத்காரர் விரலால் உருட்டிப் பார்த்தார். வெர்னியர் அளவுகோலால் அளந்தது அதற்குப் பிறகுதான். கன்மெட்டல் கம்பியில் ஒரு துண்டை அறுத்துச் சக்கில் மாட்டி, வெளிப்புறத்தைக் கடைந்து, நடுவில் துளையிட்டு, பின்னைச் செருகிப் பார்த்து, மீண்டும் மிக மெல்லிய ஒரு சீவல் எடுத்தார். பொன்னிறச் சுருள்கள் தரையில் விழுந்துகொண்டிருந்தன. உட்புறத்தில் கிரீஸ் போவதற்கு ஒரு பள்ளம் வெட்ட வேண்டும் என்று நான் வாய் திறப்பதற்குள், அதற்கான உளியை அவர் எடுத்துவிட்டார். அந்த வேலைக்கு அவர் கேட்ட கூலி, புதிய வண்டிக்குச் சேவை மையத்தில் போடும் வாஷிங் கட்டணத்தைவிடக் குறைவு. என் ஜீப்பில் இப்படி இந்தப் பகுதி மனிதர்களின் கைப்பட்ட உறுப்புகள் ஏராளம் இருக்கின்றன: ஒருவர் கடைந்த புஷ், ஒருவர் தகடு வெட்டி ஒட்டிய தரை, ஒருவர் தைத்த படுதா. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதைப் போன்ற வண்டிகள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கும். இப்போது இருப்பது இந்த ஒன்றுதான். இதை விற்றுவிட்டு அதே ஆண்டில் தயாரான இன்னொன்றை வாங்கினாலும் அது வேறு வண்டியாகத்தான் இருக்கும்.

தன் கை உழைப்பைப் போட்டு முடித்த பொருளுக்கு மனிதர்கள் அதன் சந்தை விலையை மீறிய மதிப்பை வைக்கிறார்கள் என்று 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். உதிரியாகக் கொடுத்த பெட்டிகளைப் பொருத்திச் சேர்க்கச் சொல்லியும், காகிதத்தை மடித்து உருவங்கள் செய்யச் சொல்லியும் அவர்கள் சோதித்தார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, வேலையை முடிக்க முடியாமல் விட்டவர்களிடமும், செய்ததைத் திரும்பப் பிரித்துப் போட்டவர்களிடமும் அந்தக் கூடுதல் மதிப்பு காணப்படவில்லை என்ற செய்திதான். பழைய ஜீப்பு வாங்குகிறவர்களிடம் நான் கண்டதும் அதுவே. வாங்கி ஓரிரு ஆண்டுகள் வாசலிலேயே பிரித்துப் போட்டு வைத்து, முடிக்க முடியாமல் மழையில் நனையவிட்டவர், நல்ல விலை வரும் முன்பே அதைத் தள்ளிவிடுகிறார். எப்படியோ ஒப்பேற்றிச் சாலைக்குக் கொண்டுவந்துவிட்டவர்தான் பிறகு எத்தனை பேர் வந்து கேட்டாலும் கொடுப்பதில்லை.

ஓட்டத்தில் இருப்பதும், உதவுவதும் இந்தப் பற்றுக்கு அவசியம் என்பதை வடசென்னையில் மழைக்காலம் ஆண்டுதோறும் காட்டுகிறது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் எங்கள் பகுதிகளில் தெருக்கள் எப்படி இருந்தன என்பதைத் தங்கள் நாளிதழே படங்களோடு வெளியிட்டது. கணேசபுரம் சுரங்கப்பாதை, பட்டாளம், புளியந்தோப்பு என்று ஒவ்வொரு மழைக்கும் நீர் கட்டும் இடங்களை இங்குள்ள சிறுவர்கள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். தரையிலிருந்து உயரமாக நிற்பதும், தீப்பொறி தேவைப்படாத டீசல் எஞ்சினைக் கொண்டிருப்பதும், நனைந்தால் கெட்டுப்போகும் மின்னணுப் பெட்டி எதுவும் இல்லாததும் அந்த நாட்களில் ஜீப்பைப் பயனுள்ளதாக்குகின்றன. டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டிய பக்கத்துத் தெருப் பெரியவரை ஏற்றிக்கொண்டு முழங்கால் நீரில் மெதுவாக ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது, இந்த இரும்பை ஏன் வைத்திருக்கிறாய் என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்த என் தெருக்காரர்கள் பிறகு கேட்கவில்லை.

ஆனால் அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். நீரில் இறங்கி ஏறிய ஜீப்பை அப்படியே விட்டுவிட முடியாது. சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகவும் மூச்சுக்குழல் வழியாகவும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். வடிகால் போல்ட்டைக் கழற்றினால், தேன் நிறத்தில் வர வேண்டிய கியர் ஆயில் மோர் போல வெளுத்து வழிவதைப் பார்க்கலாம். அதை மாற்றாமல் ஓட்டினால் கிரௌன், பினியன் பல்சக்கரங்களும் பேரிங்குகளும் சில மாதங்களில் போய்விடும். முன்சக்கர ஹப்புகளைப் பிரித்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும். டிரம் பிரேக் நனைந்திருந்தால் பெடலை லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டிக் காயவைக்காமல் வேகம் எடுக்கக் கூடாது. காற்று உள்ளே போகும் வாய்க்கு மேல் நீர் வந்துவிட்டால், டீசல் எஞ்சின் என்ற பெருமை எதுவும் காப்பாற்றாது; சிலிண்டருக்குள் புகுந்த நீரை அழுத்த முடியாமல் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஓடும் வெள்ளத்தில் எந்த வண்டியையும் இறக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

கடற்காற்று இன்னொரு செலவு. எண்ணூர் விரைவுச்சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களின் வீட்டு ஜன்னல் கம்பியே சில ஆண்டுகளில் பொரிந்துவிடும்போது, ஜீப்பின் தரைத்தகடு எம்மாத்திரம்? மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் குழாய்ப் பகுதிக்குள் துரு தின்றுகொண்டிருக்கும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பழைய ஜீப்பு வாங்கப் போனால் எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பதற்கு முன் கீழே படுத்து, சின்னச் சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போவார்கள். ‘டங்’ என்று ஒலிக்க வேண்டிய இடத்தில் ‘சொத்’ என்று கேட்டால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்வார்கள். அடிப்பாகத்துக்கு மீன் எண்ணெய் அடிப்பது பழைய பட்டறை வழக்கம். பலன் உண்டு, ஆனால் சில நாட்களுக்குத் தெருப் பூனைகள் வண்டிக்கு அடியிலிருந்து நகராது. பெட்ரோல் ஜிப்ஸி வைத்திருக்கும் நண்பர்களுக்கோ, பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காடாக உயர்ந்த பிறகு, பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டுகளையும் மாற்றிவைப்பது புதிய வேலையாகச் சேர்ந்திருக்கிறது.

தங்கள் கட்டுரை பாதுகாப்பைப் பற்றி எழுப்பிய கேள்விக்கு மழுப்பலான பதில் எதுவும் என்னிடம் இல்லை. மஹிந்திரா 2020-இல் வெளியிட்ட ‘தார்’ என்ற புதிய ஜீப்பு, அந்த ஆண்டு நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது; என் ஜீப்பில் காற்றுப்பை இல்லை, ஏ.பி.எஸ். பிரேக் இல்லை, மோதினால் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் முன்பகுதியும் இல்லை. அதனால் என் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைப் பயணம் போவதில்லை. டீசல் புகையும் அப்படியே. இன்ஜெக்டரைக் காலத்தில் சோதித்து, பம்பின் அளவைச் சரியாக வைத்தால் கரும்புகை வராமல் ஓட்டலாம் என்றாலும், 2020 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் வண்டியின் புகைக்கு அது எந்நாளும் இணையாகாது. மணலியின் காற்றையும் எண்ணூரின் காற்றையும் சுவாசித்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு இது நன்றாகவே தெரியும். நாள் முழுவதும் நகருக்குள் ஓட்டுவதற்கு இந்த வண்டிகள் ஏற்றவை என்று நான் வாதிடவில்லை. எங்களில் பெரும்பாலோர் அப்படி ஓட்டுவதும் இல்லை.

பற்று என்ற பெயரில் சிலர் செய்யும் காரியங்களையும் நான் ஆதரிக்கவில்லை. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் தை, மாசி மாதங்களில், நான்கு சக்கர இயக்கத்தைக் காட்டிக்கொள்வதற்காகக் கடற்கரை மணலில் வண்டியை ஏற்றி வட்டமடிப்பவர்களுக்கு ஜீப்பின் மேல் இருப்பது பற்றன்று. பளபளக்கும் விளக்குகளையும் காதைப் பிளக்கும் ஹாரனையும் அளவுக்கு மீறிய டயர்களையும் மாட்டி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கும் சாலையில் நிற்பதற்கும் தொடர்பே இல்லாமல் செய்துவிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே கூறிவிட்டது. வண்டியைப் புரிந்துகொண்டவர் அதை அதன் இயல்பில் வைத்திருக்கத்தான் பாடுபடுவார்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். பதினைந்து ஆண்டு முடிந்தால் வண்டியைப் பறித்துவிடுவார்கள் என்று இன்றும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தலைநகர் தில்லி வட்டாரத்துக்கு வயது அடிப்படையில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாதவை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சொந்த உபயோக வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2021-இல் மத்திய அரசு அறிவித்த வாகனக் கழிப்புக் கொள்கையும், சொந்த வண்டிகளைப் பொறுத்தவரை, தகுதிச் சோதனையில் தேறாதவற்றைத்தான் கழிக்கச் சொல்கிறது. மாறியிருப்பது கட்டணம். காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயானது. இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இன்னொரு பக்கம், ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்துகொள்ள 2021 ஜூலையில் விதிகள் வந்தன. ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த முடியாது.

ஆக, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தயாரான ஜீப்பும் ஜிப்ஸியும் நடுவில் நிற்கின்றன: கூடுதல் கட்டணம் செலுத்தும் அளவுக்குக் கிழடு, கௌரவிக்கப்படும் அளவுக்குக் கிழடு இல்லை. எனக்குத் தொன்மைப் பட்டம் வேண்டியதில்லை. ஓட்டாமல் துடைத்து வைத்திருக்கும் ஜீப்பில் புஷ் தேயாது, காது பழகாது, கொருக்குப்பேட்டை லேத்காரருக்கு வேலையும் இருக்காது. இத்தனை நேரம் நான் விளக்கிக்கொண்டிருந்த பற்று அதில் உண்டாக வழியே இல்லை. கட்டணத்தைக் கட்டவும் தயாராகவே இருக்கிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். பத்தாயிரம் ரூபாய் வாங்கும் சோதனை, அந்தத் தொகைக்கு ஏற்ற சோதனையாக இருக்கட்டும். தூரத்தில் நின்று எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திடுவதோடு நின்றுவிடாமல், சக்கரங்களை உருளைமேல் வைத்துப் பிரேக்கை அளக்கட்டும். புகையைக் கருவியால் அளக்கட்டும். ஸ்டியரிங்கின் ஆட்டத்தைப் பார்க்கட்டும். ஆய்வாளர் வண்டிக்கு அடியில் போய்ச் சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கட்டும். வடசென்னையில் பழுதுபார்க்கும் தொழில் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பழைய ரக வண்டிகளைச் சோதிக்கும் நாட்களில் அவர்களில் சிலரை உடன் வைத்துக்கொள்வதும் நடக்காத காரியமன்று.

அப்படி ஒரு சோதனையில் என் ஜீப்பு தேறவில்லை என்று எழுதிக் கொடுத்தால், நான் மேல்முறையீடு எதுவும் செய்யப்போவதில்லை. கழிப்பு மையத்துக்கு அனுப்புவதற்கு முன், கியர்பாக்ஸையும், முன் ஆக்சிலுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் கழற்றிக்கொள்ள ஒரு வார அவகாசம் கொடுத்தால் போதும். பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் இவற்றைத் தேடி அலுத்துப்போன இருவர், அந்த நாள் வந்தால் தங்களுக்குத்தான் தர வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
திருவொற்றியூர், சென்னை.